அப்பாருக்கு நாலு வரி போதாது

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய நான்கு வரிகளையும் படித்தேன். அப்பாரின் வருஷத் திதிக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் முதல் பக்கத்தில் போடப்போவதாகச் சொல்லியிருந்தாய். எளிமையின் இலக்கணம், உழைப்பின் சிகரம், பாசத்தின் இருப்பிடம், குடும்பத்தின் ஆலமரம். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அன்னூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலித் தட்டிகளில் எந்தப் படத்துக்குக் கீழேயும் இதே நான்கு வரியைப் போடலாம். பேரை மட்டும் மாற்றினால் போதும். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, அதில் எழுபது வருஷத்துக்கு மேல் ஒரே தோட்டத்தில் பண்ணையம் பார்த்த மனிதருக்கு இது காணாது.

என்னையும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தாய். தருகிறேன். அதற்கு முன் உனக்கு இந்தக் கடிதம். நீ பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறாய். அப்பாருக்குத் தலைப்பேரன். இனி அந்தத் தோட்டத்தைப் பற்றி என்ன முடிவெடுத்தாலும் உன் வார்த்தைக்கு எடை உண்டு. அதனால்தான் சொல்கிறேன். உழைத்தார், உழைத்தார் என்று புகழ்ந்துகொண்டே இருந்தால் ஒரு விவசாயியின் மூளை நம் கண்ணில் படாமலே போய்விடும். உடம்பால் உழைத்தவர்கள் நம் ஊரில் எல்லோரும்தான். உன் அப்பாரு எந்த வருஷம் எதை விட்டார், எதைப் பிடித்தார், எதற்காகக் கடன்பட்டார், எங்கே அவர் போட்ட கணக்கு தப்பியது என்பதெல்லாம் உனக்குத் தெரிய வேண்டும்.

அவர் பிறந்த தேதி வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பைக்காரா கரண்ட் கோயமுத்தூருக்கு வந்த சமயம் என்று அவருடைய அம்மா சொல்ல நானே கேட்டிருக்கிறேன். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932-ல். அந்த மின்சாரத்தில் கோயமுத்தூரில் மில் மேல் மில்லாக எழும்பியது. நம் கிணற்றுமேட்டுக்கு அது வந்து சேர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரைக்கும் கவலைதான்.

கவலை ஓட்டுவதை நீ பார்த்திருக்க மாட்டாய். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை இறங்கும். அதற்கு வாரி என்று பேர். நுகத்தடியில் பூட்டிய எருதுகள் இரண்டும் அந்த வாரியில் இறங்கும்போது வடம் இழுபட்டு, கிணற்றுக்குள் கிடக்கும் பறி தண்ணீரோடு மேலே ஏறி வரும். பறியின் அடியில் தோலில் தைத்த தும்பி இருக்கும். மேலே வந்ததும் தும்பிக் கயிற்றை விட வேண்டிய நேரத்தில் விட்டால் தண்ணீர் தொட்டியில் கொட்டி வாய்க்காலில் ஓடும். அப்புறம் எருதுகளைப் பின்பக்கமாகவே நடத்தி மேட்டுக்கு ஏற்ற வேண்டும். இறக்கத்தில் வேகத்துக்காக ஓட்டுகிற ஆள் வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். கிணறு அறுபதடி, எண்பதடி. விடியக்காலை நாலு மணிக்குப் பூட்டினால் வெயில் ஏறும்வரை இறங்குவதும் ஏறுவதும்தான். அத்தனை பாடுபட்டும் பாய்கிற நிலம் கொஞ்சம்தான். உன் அப்பாரு பதிமூன்று வயதில் வடத்தில் உட்கார்ந்தவர்.

இவ்வளவு பாடு எதற்கு என்று நீ கேட்கலாம். கோயமுத்தூர்ச் சமவெளி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. சிறுவாணியில் கொட்டுகிற மழை நம் பக்கம் வெறும் காற்றாகத்தான் வந்து சேரும். வருஷத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பாதி ஐப்பசி கார்த்திகையில். தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஆறு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. நம் ஆட்கள் பாறையை உடைத்துத் தண்ணீரைத் தேடிப் போனார்கள். கொங்கு விவசாயியின் சிக்கனம், அவசரம், கடனுக்கு அஞ்சாத குணம், எதையும் கணக்குப் பார்க்கிற புத்தி எல்லாமே அந்தக் கிணற்றிலிருந்து வந்தவை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த நான்கு வரி போக, மலரின் உள்பக்கத்துக்கு நீ ஒரு வரி எழுதியிருக்கிறாய், அவர் “தனி ஆளாக நின்று” தோட்டத்தை உருவாக்கினார் என்று. அந்த வரியை எடுத்துவிடு. அது சரியில்லை. அந்தக் கிணற்றுப் பாறையை வெடி வைத்து உடைத்து, கூடையில் சுமந்து மேலே கொண்டுவந்தவர்கள் போயர் குடும்பங்கள். தும்பி கிழிந்தால் தைத்துக் கொடுத்தவர்கள், வாய்க்காலில் மடை திருப்பியவர்கள், களை வெட்டியவர்கள், பருத்தி எடுத்தவர்கள் நம் ஊர் அருந்ததியர் வளவிலிருந்து வந்தவர்கள். தலைமுறை தலைமுறையாக வந்தார்கள். வருஷக் கூலிக்குப் பண்ணையாளாக இருந்தார்கள். நம் வீட்டுத் திண்ணைக்கு மேலே அவர்களை ஏற விட்டதில்லை. தண்ணீரைக் கையில் ஊற்றித்தான் குடிக்கக் கொடுத்தார்கள். இது உன் அப்பாரு காலத்தில், அவர் வீட்டில் நடந்தது. பிற்காலத்தில் அவர் மாறினார். அவரோடு கவலை ஓட்டிய ஆளின் பேரனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது முதல் ஆளாகப் பணம் கட்டினார். இரண்டும் உண்மை. ஒன்றை எழுதி மற்றதை மறைத்தால் மலர் அழகாக இருக்கும், அவர் அதில் இருக்க மாட்டார்.

அப்புறம் ஆயில் எஞ்சின் வந்தது, அதற்குப் பின் கரண்ட் மோட்டார். 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோயமுத்தூரில் மின் மோட்டார் செய்துவிட்டார்கள். பீளமேட்டுப் பட்டறைகளில் பம்பு செய்யும் தொழில் பெருகியது. இந்தியா முழுவதும் வயலில் ஓடும் பம்புகளில் பெரும்பங்கு இன்றைக்கும் நம் ஊரில் செய்வது என்றால், அதற்குக் காரணம் பக்கத்துக் கிராமத்தில் தண்ணீருக்குத் தவித்த ஆள்கள் வாங்கக் காத்திருந்ததுதான். உன் அப்பாரு மோட்டார் வைத்தது மனைவியான உன் ஆத்தாவின் நகையை அடகு வைத்து. இதை அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மீட்க நான்கு வருஷம் ஆனது. அந்த நான்கு வருஷமும் ஆத்தா எந்த நல்லது கெட்டதுக்கும் மஞ்சள் கயிறோடுதான் போய் வந்தார்.

அவருடைய புத்தியைப் பார்க்க வேண்டுமானால் பருத்தியைப் பார். அவருடைய அப்பா காலத்தில் சோளமும் கம்பும் ராகியும்தான் தோட்டத்தில் முக்கியம். நெல்லஞ்சோறு நோம்பிக்கு மட்டும். மோட்டார் வந்த கையோடு எல்லோரும் பருத்திக்குத் தாவினார்கள். கம்போடியாப் பருத்தி நம் செம்மண்ணுக்கும் கிணற்றுப் பாசனத்துக்கும் ஒத்துப்போனது. கோயமுத்தூரில் உருவாக்கிய எம்.சி.யு. 5 என்ற நீண்ட இழை ரகம் 1968-ல் வெளிவந்தபோது மில்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். உன் அப்பாரு மட்டும் தோட்டம் முழுக்கப் பருத்தி போட்டதே இல்லை. மூன்றில் ஒரு பங்கில் சோளம் இருக்கும். மாட்டுக்குத் தட்டு, வீட்டுக்குச் சோறு. பருத்தி விலை விழுந்தாலும் கட்டுத்தரையும் அடுப்பும் நிற்கக் கூடாது என்பார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் கோழை என்றார்கள். தொண்ணூறுகளில் பச்சைக்காய்ப்புழு வந்து, மருந்து மேல் மருந்து அடித்தும் காய் தங்காமல், மருந்துக்கடைப் பாக்கிக்காக நிலத்தை விற்றவர்களை எனக்குத் தெரியும். உன் அப்பாரு கால் ஏக்கர்கூட விற்கவில்லை. இந்த இடத்தில் அவருடைய உடம்பு உழைப்பைவிட, எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று தெரிந்திருந்த அறிவுதான் குடும்பத்தைக் காப்பாற்றியது.

இன்னொன்றையும் மலரில் சேர்க்க வேண்டும். 1970-ல் விவசாய மின் கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தினார்கள். இரண்டு பைசாவுக்கா போராட்டம் என்று உனக்குத் தோன்றும். எண்பதடி ஆழத்திலிருந்து இரவும் பகலும் தண்ணீர் இறைக்கிறவனுக்கு அது வருஷ லாபத்தைத் தின்றுவிடும் தொகை. அந்த ஜூன் 19-ஆம் தேதி பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் செத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, கட்டணம் மறுபடி உயர்ந்தபோது, மாட்டுவண்டிகளைப் பூட்டிக்கொண்டு போய் கோயமுத்தூர் வீதிகளை நிறைத்தார்கள். தலைமை தாங்கியவர் வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு. நம் ஊரிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம்தான் வையம்பாளையம். உன் அப்பாரும் வண்டி பூட்டினார். கட்டுத்தரையிலேயே நல்ல ஜோடியைப் பூட்டிக்கொண்டு போனார். மாட்டுக்குத் தட்டும், தனக்குக் கட்டுச்சோறும், வண்டிக்கடியில் படுக்க ஒரு சாக்கும் எடுத்துக்கொண்டு போனார். கொடி பிடித்தவரில்லை, மேடை ஏறியவரில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவர் எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போனதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அன்றைக்குப் போனார்.

நாராயணசாமி நாயுடு 1925-ல் பிறந்து 1984 டிசம்பரில், கோவில்பட்டிக்குப் போன இடத்தில், அறுபது வயது நிறையாமலே இறந்தார். உன் அப்பாருக்கு அதற்குப் பிறகும் நாற்பது வருஷம் கிடைத்தது. நீண்ட ஆயுளைப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். உன் அப்பாரு அனுபவித்த சில வசதிகள் வேறு சிலர் உயிரைக் கொடுத்து வாங்கியவை. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுக்க இலவசம் ஆனது. அந்த மோட்டாரை ஓட விட்டபோதெல்லாம் பெருமாநல்லூரை நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. நீ நினைக்கலாம்.

இனி அவர் கணக்குத் தப்பிய இடம். இதை மலரில் போடச் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். கரண்ட் இலவசம் என்றதும் எல்லோரும் போர் போடத் தொடங்கினார்கள். முதலில் கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் சைடு போர். அப்புறம் வெளியே இருநூறடி, நானூறடி. இப்போது நம் பக்கத்தில் ஆயிரம் அடியைத் தாண்டியும் புகைதான் வருகிறது. உன் அப்பாரும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் நானூறடி போட்டால் இவர் ஐந்நூறு. இவர் போட்டால் அவர் அறுநூறு. எண்பதடிக் கிணறு வற்றியது. வாய்க்கால் ஓரத்துப் புங்கமரம் காய்ந்தது. கடைசியில் அந்தக் கிணற்றுக்குள் வேலிமுள் முளைத்தது. காலங்காலமாக மண்ணுக்கடியில் சேர்ந்ததை ஒரு தலைமுறை மேலே கொண்டுவந்து தீர்த்துவிட்டது. அந்தத் தலைமுறையில் அவரும் உண்டு, நானும் உண்டு. கோயமுத்தூர், திருப்பூர் மாவட்டங்களில் பல வட்டாரங்களை அளவுக்கு மிஞ்சி நிலத்தடி நீரை எடுத்துவிட்ட பகுதிகள் என்று அரசாங்கமே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. நல்ல மனிதர்கள், கடுமையாக உழைத்தவர்கள், பிள்ளைகளுக்காகவே பாடுபட்டவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் இதைச் செய்தார்கள். பிள்ளைகளுக்காக என்று சொல்லிச் செய்வது பிள்ளைகளுக்கு எதை மிச்சம் வைக்கும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நீ கேள்.

அதற்கப்புறம் நடந்தது நீயே பார்த்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஊரே பஸ் ஏறியது. பருத்தி எடுக்க ஆள் இல்லை. தோட்டங்கள் தென்னைக்கு மாறின. 2016-ல் வடகிழக்குப் பருவமழை அறவே பொய்த்தது. லாரித் தண்ணீர் வாங்கித் தென்னைக்கு ஊற்றிப் பார்த்தோம். பாதி மரம் மொட்டையாகிவிட்டது. அதே வருஷம்தான் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ முதன்முதலில் தென்பட்டது. இப்போது நம் மட்டைகளிலும் கருப்புப் படிந்து கிடக்கிறது. எண்பத்தைந்து வயதில் கைத்தடி ஊன்றிக்கொண்டு அந்தக் காய்ந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எண்ணினார். மறுநாளே கொழுக்கட்டைப் புல் விதை வாங்கி வரச் சொன்னார். தண்ணீர் இல்லாத இரண்டு ஏக்கரில் கிளுவை வேலியை ஒக்கிட்டு, பழையபடி கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமாக்கி, வெள்ளாடும் செம்மறியும் விட்டார். காங்கேயம் பக்கத்தில் பரம்பரையாகச் செய்வதுதான் அது. நாம்தான் மறந்திருந்தோம். முன்னேற்றம் என்று ஒரே திசையில் அறுபது வருஷம் போன மனிதர், அந்த வயதில் திரும்பி வரவும் தயாராக இருந்தார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைத் திறந்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாகக் கேட்ட தண்ணீர். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து பவானியின் உபரியில் ஒன்றரை டி.எம்.சி.யைக் குழாய் வழியாக ஏற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது திட்டம். நம் ஊர்க் குட்டைக்குத் தண்ணீர் வந்த அன்று அவரைக் காரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனோம். கரையில் நின்று, இந்தத் தண்ணியில் யாரும் மோட்டார் வைக்கக் கூடாது, நிலத்துக்குள் இறங்க விடுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் சொன்னார். அதுதான் அவர் பொதுவில் பேசிய கடைசிப் பேச்சு. அதை மலரில் போடு.

அவர் குடும்பத்துக்காக வாழ்ந்தவர் என்பதைப் பற்றிக் கொஞ்சம். பங்காளி வீடானாலும் மாமன் மச்சான் வீடானாலும் நல்லது கெட்டதுக்கு அவர் போகாமல் இருந்ததில்லை. உன் மூத்த அத்தையை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பப் பணம் இல்லாதபோது, பெயர்பெற்ற காங்கேயம் காளை ஜோடியைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்று வந்தார். பெண்ணைப் படிக்க வைக்க மாட்டை விற்பாரா என்று ஊர் பேசியது. திரும்பி வந்த அன்று கட்டுத்தரைப் பக்கமே போகவில்லை. ஆனால் அடுத்த வாரம் அத்தையைச் சேர்த்துவிட்டு வந்தார்.

இத்தனையும் சொல்லும்போது ஆத்தாவை நீ ஒரே ஒரு இடத்தில், “அவருக்கு உறுதுணையாக” என்று எழுதியிருப்பது எனக்கு உறுத்துகிறது. கட்டுத்தரை முழுக்க ஆத்தாவின் பொறுப்பு. நம் பக்கம் சிந்து மாடு என்று சொல்லும் கலப்பினப் பசு வாங்கிப் பால் சொசைட்டிக்கு ஊற்றலாம் என்று சொன்னவரே ஆத்தாதான். அப்பாருக்கு முதலில் அதில் விருப்பமில்லை. காங்கேயம் மாட்டை விட்டுவிட்டு அதைக் கட்டுவதா என்றார். பருத்தி கைவிட்ட வருஷங்களில் வாராவாரம் வந்த பால் பணம்தான் உன் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஃபீஸ் கட்டியது. தேக்கம்பட்டி பாப்பம்மாளைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், 1914-ல் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்து, மளிகைக் கடை வைத்துச் சம்பாதித்த காசில் நிலம் வாங்கிப் பண்ணையம் பார்த்தவர். காரமடை ஒன்றியத்தில் மக்கள் பிரதிநிதியாக இருந்தவர். வேளாண் பல்கலைக்கழகத்து விவசாயிகள் கூட்டங்களுக்குத் தவறாமல் போய் விஞ்ஞானிகளோடு பேசியவர். நூறு வயதைத் தாண்டியும் இரண்டரை ஏக்கரில் இயற்கை முறையில் பயிர் செய்தார். 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் மறைந்தார். விருது வந்த பிறகுதான் பத்திரிகைகள் பலவும் அவரை விவசாயி என்று எழுதின. நம் வீட்டில் எழுபது வருஷம் விவசாயம் பார்த்த பெண் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். அவரை உறுதுணை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதே.

இதையொட்டியே இன்னொரு சங்கடமான பேச்சையும் பேசிவிடுகிறேன். திதி முடிந்ததும் பாகம் பேசுவார்கள். அத்தைகள் இருவரையும் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசுக்குக் கூட்டிப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதுதான் ஊர் வழக்கம். கேட்டால் சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்பார்கள். 1989-லேயே தமிழ்நாடு சட்டம் போட்டு மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் அது சட்டமானது. அத்தைகள் கேட்க மாட்டார்கள். பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயம் அவர்களுக்கு. அவர்கள் கேட்காதபோது நீதான் பேச வேண்டும். காளையை விற்று மகளைப் படிக்க வைத்தவரின் பேரன், அந்த மகளிடம் வெறுங்கையோடு கையெழுத்து வாங்கிவிட்டு மலர் வெளியிட்டால், மலரில் என்ன எழுதியிருந்தாலும் அது அவருக்கு அவமரியாதை. உன் அப்பாவுக்கு இந்த வரிகள் பிடிக்காது என்று தெரியும். அவரிடமும் நேரில் இதையே சொல்லப்போகிறேன்.

நீ வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து விவசாயம் பார்க்கட்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தாய். இழவு வீட்டுத் துக்கத்தில் எடுக்கும் முடிவு அது. இப்போது வேண்டாம். உன் அப்பாரு உன்னைப் படிக்க வைத்தது நீ திரும்பி வந்து கவலை ஓட்டுவதற்காக அல்ல. நீ பெங்களூரில் இருப்பதில் குற்றம் எதுவும் இல்லை, அவர் ஒருநாளும் அப்படி நினைத்ததும் இல்லை. நீ சம்பளம் வாங்கிய முதல் மாதம் கோயில் பூசாரியிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோரிடமும் அவர் சொன்னதை நான் கேட்டேன். அதே சமயம், விலை நல்லா வருகிறது என்று புரோக்கர்கள் இப்போதே வாசலில் நிற்கிறார்கள். அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். ஒரு வருஷம் எதையும் செய்யாமல் இருங்கள். அந்த ஒரு வருஷத்தில் பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் எடுத்து நீயே உட்கார்ந்து படி. கிணறு எப்போது வெட்டியது, எந்தெந்தப் போர் எத்தனை அடி, எதில் இன்னும் கசிவு இருக்கிறது என்று குறித்துக்கொள். கொறங்காட்டில் இந்த வருஷம் எத்தனை குட்டி விற்றது, என்ன செலவு என்று கணக்குப் பார். அப்புறம் வைத்துக்கொள்வதா, குத்தகைக்கு விடுவதா, விற்பதா என்று பேசலாம். எந்த முடிவானாலும் தெரிந்து எடுத்ததாக இருந்தால் நான் உன் பக்கம் நிற்பேன்.

அவருடைய இரும்புப் பெட்டியில் பழைய கணக்கு நோட்டுகள் இருக்கின்றன. மில் டைரிகளில் எழுதியவை. அஞ்சாம் வகுப்புப் படித்த கையெழுத்து. எந்த நாள் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் விட்டது, யாருக்கு எவ்வளவு கூலி, பருத்தி எத்தனை பொதி, மழை பெய்தால் எவ்வளவு நேரம் பெய்தது என்று எல்லாம் இருக்கிறது. மலரில் அந்த நோட்டின் ஒரு பக்கத்தை அப்படியே படம் எடுத்துப் போட்டால், நானும் நீயும் எழுதுகிற எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. அதில் கூலி வாங்கினவர்கள் என்று எழுதியிருக்கும் பேர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் போய்ப் பார். மலர் வெளியிடும் அன்று அவர்களையும் கூப்பிட்டு, மற்ற விருந்தாளிகளோடு ஒரே பந்தியில் உட்கார வை.

ஆத்தாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல்தான், ஞாபகம் தெளிவாக இருக்கிறது. அந்த நோட்டில் நமக்குப் புரியாத சுருக்கெழுத்தெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால், அடுத்த மாதமே நான்கு நாள் லீவு போட்டுவிட்டு வா. நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டு எழுது. தள்ளிப்போடாதே.

அன்புடன்
பெரியப்பா